சிக்னலில் நிற்கும்போது ஆஃப் ஆகும் கார்: இ20 பெட்ரோல்தான் காரணமா, வேறு கோளாறா?

ஓடும்போது கார் நன்றாகத்தான் இருக்கிறது. சிக்னலில் நிறுத்தியதும் ஆர்பிஎம் முள் ஒரு ஆட்டம் ஆடுகிறது, இன்ஜின் லேசாக உதறுகிறது, அப்படியே ஆஃப் ஆகிவிடுகிறது. சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. அதன்பின் மூன்று நாளைக்கு ஒரு தொல்லையும் இல்லை. நான்காவது நாள் மறுபடியும் அதே கதை.

புதிய கோளாறு அல்ல இது. ஆனால் 2025 ஆகஸ்டில் இ20 பெட்ரோல் விவகாரம் சூடுபிடித்ததிலிருந்து, இதற்கு எல்லோரிடமும் ஒரு ரெடிமேட் பதில் இருக்கிறது. “எத்தனால் கலந்த பெட்ரோல் போடுறாங்கல்ல... அதான்!” கார் உரிமையாளர்களும் இதைச் சொல்கிறார்கள், சில மெக்கானிக்குகளும் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் தேட வேண்டிய வேலை மிச்சம். ஆனால் கோளாறு அங்கேயே இருக்கும். அடுத்த முறை மேம்பாலத்தின் ஏற்றத்தில் பஸ்ஸுக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது?

இ20 உண்மையில் இன்ஜினை ஆஃப் செய்யுமா? செய்யும் என்றால் எந்த வண்டியில்? இல்லையென்றால் எதைத் தேட வேண்டும்?

இ20 சர்ச்சை: நடந்தது என்ன?

20 சதவீதம் எத்தனால், 80 சதவீதம் பெட்ரோல். இதுதான் இ20. 2014-ல் நாட்டில் விற்ற பெட்ரோலில் எத்தனால் சராசரியாக 1.53 சதவீதம்தான் இருந்தது. 2022 ஜூனில் அது 10 சதவீதத்தைத் தொட்டது. 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் நடந்த இந்தியா எனர்ஜி வீக் நிகழ்ச்சியில் பிரதமர் மோடி இ20 விற்பனையைத் தொடங்கிவைத்தார். 2030-க்குள் எட்ட நினைத்த 20 சதவீத இலக்கு 2025-லேயே எட்டப்பட்டுவிட்டது. இப்போது பெரும்பாலான பங்க்குகளில் சாதாரண பெட்ரோல் என்றாலே அது இ20தான்.

சிக்கல் இங்கேதான் தொடங்கியது. 2023 ஏப்ரலிலிருந்து வரும் கார்களின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் இ20-ஐத் தாங்கும்படி செய்யப்படுகின்றன. அதற்கு முன் வாங்கிய கோடிக்கணக்கான வண்டிகள்? அவற்றுக்கும் அதே பெட்ரோல்தான். பெரும்பாலும் வேறு தேர்வு இல்லை. எத்தனால் இல்லாத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று கேட்டுத் தொடரப்பட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ம் தேதி தள்ளுபடி செய்தது.

மைலேஜ் குறையும் என்பதை யாரும் மறுக்கவில்லை. 2021-ல் வெளியான நிதி ஆயோக் அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து இ10-க்கு ட்யூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையும் என்றது. பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் கொடுத்த விளக்கத்தில் புதிய கார்களுக்கு 1 முதல் 2 சதவீதம், மற்றவற்றுக்கு 3 முதல் 6 சதவீதம் என்று சொன்னது. சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்பதையும் அதே விளக்கத்தில் அமைச்சகம் ஒப்புக்கொண்டது. இந்தக் கடைசி வரி பெரிதாகப் பேசப்படவில்லை. ஆனால் நம் கோளாறுக்கு மிக நெருக்கமானது அதுதான்.

ஐடிலிங்கில் மட்டும் ஏன் ஆஃப் ஆகிறது?

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் இன்ஜின் 700 முதல் 850 ஆர்பிஎம்மில் தன்னைத்தானே தாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். அப்போது இன்ஜினுக்குள் போகும் காற்று மிக மிகக் குறைவு. த்ராட்டில் பாடியில் உள்ள வட்டத் தட்டு கிட்டத்தட்ட மூடியே இருக்கும். அதன் ஓரத்தில் உள்ள மெல்லிய இடைவெளி வழியாகவோ, பழைய கார்களில் ஐடில் வால்வு என்ற தனி வழியாகவோதான் காற்று நுழையும்.

அந்தக் கொஞ்சக் காற்றுக்குக் கணக்காகப் பெட்ரோல் அளக்க வேண்டும், சரியான நொடியில் ஸ்பார்க் வர வேண்டும். நடுவில் ஏசி கம்ப்ரஸர் ஆன் ஆகும், ஹெட்லைட் போடுவார்கள், ஸ்டீயரிங்கைத் திருப்புவார்கள். ஒவ்வொன்றும் இன்ஜின் மேல் ஏறும் சுமை. இசியு என்ற கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடித்து, த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்து சமாளிக்கிறது.

நெடுஞ்சாலையில் 2,500 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒரு சின்ன ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று கொஞ்சம் நுழைந்தால் இன்ஜினுக்குத் தெரியவே தெரியாது. குடத்தில் விழுந்த ஒரு சொட்டு மாதிரி. அதே சொட்டு சங்கில் விழுந்தால்? ஐடிலிங்தான் அந்தச் சங்கு. ஓடும்போது நல்லா இருக்கு, நின்னா ஆஃப் ஆகுது என்று சொல்லும் வண்டிகளில் பாதிப் பதில் அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது.

அப்படியானால் இ20-க்குப் பங்கே இல்லையா?

இருக்கிறது. ஆனால் பலரும் நினைக்கும் விதத்தில் இல்லை.

எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. அதனால் அது எரிவதற்கு வெளிக்காற்று குறைவாகப் போதும். ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ. இ20-க்கு சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்கு, எத்தனால் இல்லாத பெட்ரோலைவிட 9 சதவீதம் அளவுக்கு அதிக எரிபொருளைத் தெளிக்க வேண்டும். இ10-உடன் ஒப்பிட்டால் வித்தியாசம் வெறும் 4 சதவீதத்தை ஒட்டித்தான்.

இன்ஜெக்டர் உள்ள எந்தக் காரும் இதைத் தானாகவே சரிசெய்துகொள்ளும். சைலன்ஸர் பாதையில் உள்ள ஆக்சிஜன் சென்சார் புகையை முகர்ந்து பார்த்து, ‘காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை’ என்று சொல்லும். இசியு கூட்டிக் கொடுக்கும். இந்தக் கூட்டல் கழித்தலுக்கு மெக்கானிக் வட்டாரத்தில் ஃப்யூவல் ட்ரிம் என்று பெயர். பொதுவாக 20 சதவீதத்துக்கும் மேல் கூட்டவோ குறைக்கவோ இசியுவுக்கு இடம் இருக்கும். எனவே மற்ற எல்லாம் ஒழுங்காக உள்ள ஒரு காரை இ20 மட்டுமே ஐடிலிங்கில் அணைத்துவிடும் என்பது கணக்குக்கு ஒத்துவரவில்லை.

ஆனால் எல்லாம் ஒழுங்காக இல்லாத கார்? எங்கோ ஒரு ஹோஸ் வெடித்து ஏற்கெனவே ஏர் இழுத்துக்கொண்டிருக்கிறது, இன்ஜெக்டரில் அழுக்கு. இசியு தன்னால் முடிந்த அளவுக்குக் கூட்டிக் கொடுத்து வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறது. ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. அந்த நேரத்தில் பெட்ரோல் இ10-லிருந்து இ20-க்கு மாறுகிறது. மிச்சமிருந்த இடமும் தீர்ந்துபோகிறது. வண்டி சிக்னலில் நிற்க ஆரம்பிக்கிறது. உரிமையாளர் சொல்வது பொய்யல்ல, பெட்ரோல் மாறிய பிறகுதான் பிரச்சினை வந்தது. ஆனால் சரிசெய்ய வேண்டியது அந்த ஹோஸை.

கார்புரேட்டர் வண்டிகளின் கதை வேறு. பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி, முதல் தலைமுறை மாருதி 800 போன்றவற்றில் ஆக்சிஜன் சென்சாரும் இல்லை, இசியுவும் இல்லை. ஜெட்டின் துளை என்ன அளவோ அந்த அளவுதான் பெட்ரோல் வரும். இ20 ஊற்றினால் கலவை மெலிந்துபோகும். அதிலும் காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஐடிலிங் நிற்கவே நிற்காது. இந்த வண்டிகளை ஆசையாக வைத்திருப்பவர்கள் இ20-ஐக் குறை சொன்னால் அதில் நியாயம் உண்டு.

எத்தனாலுக்கு இன்னும் இரண்டு குணம் உண்டு. அது நல்ல கரைப்பான். பழைய டேங்கின் அடியில் பல வருடமாகப் படிந்த கசடைக் கிளப்பி, பம்ப்பின் சல்லடைக்கும் ஃபில்டருக்கும் அனுப்பிவிடும். இ20-க்காகச் செய்யப்படாத ரப்பர் குழாய்களையும் ஓ-ரிங்குகளையும் நாளடைவில் உப்பவைக்கும், அல்லது விறைத்து வெடிக்கவைக்கும். அமைச்சகம் சொன்ன 20,000 - 30,000 கிலோமீட்டர் கணக்கு இதைப் பற்றியதுதான். பழைய காரில் ஐடிலிங் பிரச்சினை வந்தால் மெக்கானிக்கிடம் “ஃப்யூவல் லைன் ரப்பரை எல்லாம் பாருங்கண்ணா” என்று கேட்டுச் செக் செய்யச் சொல்வது வீண் வேலை ஆகாது.

எப்போது நிற்கிறது என்பதுதான் துப்பு

விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு ஒரு பொல்லாத குணம். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் வண்டி சமர்த்தாக ஓடும். மெக்கானிக் அரை மணி நேரம் ஐடிலிங்கில் விட்டுப் பார்ப்பார், ஒன்றும் நடக்காது. பிறகு அனுபவத்தை வைத்து ஒவ்வொரு பாகமாக மாற்றத் தொடங்குவார். முதலில் பிளக், அப்புறம் காயில், அப்புறம் பம்ப். பில் ஏறும், கோளாறு போகாது.

இதைத் தடுக்க உரிமையாளரால் முடியும். வண்டி நின்ற ஒவ்வொரு முறையும் மொபைலில் ஒரு வரி குறித்துவைத்தால் போதும். இன்ஜின் சூடா, குளிர்ச்சியா? ஏசி ஓடியதா? பிரேக் மிதித்தபோதா? எத்தனை கோடு பெட்ரோல் இருந்தது? பெட்ரோல் போட்டு எவ்வளவு நேரம்? மழையா? நின்றபின் உடனே ஸ்டார்ட் ஆனதா, காத்திருக்க வேண்டியிருந்ததா? ஐந்தாறு தடவை குறித்ததும் ஒரு வடிவம் தெரிய ஆரம்பிக்கும்.

ஏசி போட்டதும், அல்லது ஏசியோடு சிக்னலில் நிற்கும்போது ஆஃப் ஆனால் முதலில் பார்க்க வேண்டியது த்ராட்டில் பாடி. இன்ஜினுக்குள்ளிருந்து திரும்பி வரும் ஆயில் ஆவி வருடக்கணக்கில் அந்தத் தட்டின் ஓரத்தில் கரியாகப் படிந்துவிடும். மெல்லிய இடைவெளியே அடைபட்டுப்போனால் ஏசி சுமை ஏறும் நொடியில் போதுமான காற்று கிடைக்காது. ஒரு கிளீனர் ஸ்ப்ரே, மெல்லிய துணி, ஒரு மணி நேர வேலை. இந்தக் கோளாறில் மிக மலிவாகத் தீரும் கேஸ் இதுதான்.

ஆனால் இதிலும் ஒரு வம்பு உண்டு. எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள கார்களில் அந்தத் தட்டை விரலால் பலமாகத் தள்ளினால் உள்ளே உள்ள கியர் கெட்டுப்போகலாம். சுத்தம் செய்த பிறகு ஐடில் ரீலேர்ன், அதாவது ‘இனி இதுதான் மூடிய நிலை’ என்று இசியுவுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்கும் வேலை, பல மாடல்களில் அவசியம். அதைச் செய்யாமல் விட்டால் கிளீன் பண்ணதுக்கு அப்புறம்தான் ரொம்ப மோசம் என்ற புகார் வரும். பேட்டரி மாற்றிய மறுநாள் ஐடிலிங் தடுமாறுவதற்கும் பல நேரம் இதே காரணம்தான். கற்றுவைத்த கணக்கு அழிந்துபோயிருக்கும்.

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் நின்றால் பிரேக் பூஸ்டரும் அதற்குப் போகும் வேக்யூம் ஹோஸும் சந்தேகத்துக்குரியவை. இதைத் தள்ளிப்போடக் கூடாது. பூஸ்டர் பழுதானால் பிரேக்கே கல் மாதிரி ஆகிவிடும். பொதுவாக வேக்யூம் லீக்கை ஒர்க்‌ஷாப்பில் ஸ்மோக் டெஸ்ட் மூலம் கண்டுபிடிப்பார்கள். இன்டேக் குழாய்க்குள் புகையைச் செலுத்தினால், எங்கே வெடிப்போ அங்கே புகை கசியும். ஓடும் இன்ஜின் மேல் கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்க்கும் பழைய முறையும் இருக்கிறது. சூடான மேனிஃபோல்டு மேல் எரியும் திரவத்தைத் தெளிக்கிற வேலை அது, வீட்டு வாசலில் செய்து பார்க்க வேண்டாம்.

வெயிலில் நீண்ட நேரம் ஓட்டியபின், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு திடீரென்று நிற்கிறது. உதறல் எதுவும் இல்லை, சுவிட்சை அணைத்த மாதிரி. திரும்ப ஸ்டார்ட் ஆக 15, 20 நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இப்படியென்றால் கிராங்க் பொசிஷன் சென்சாரைப் பார்க்க வேண்டும். இன்ஜின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று சொல்லும் சென்சார் இது. உள்ளே உள்ள சுருள் சூட்டில் தொடர்பு விட்டுப்போய், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சம்கூட அசையாமல் பூஜ்யத்திலேயே இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. மெக்கானிக் வருவதற்குள் ஆறிவிடுவதால் இது பலரை மாதக்கணக்கில் அலையவைக்கும்.

இஜிஆர் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்வது, தேய்ந்துபோன பிளக், மழையில் கசியும் காயில், ஆட்டோமேட்டிக் கார்களில் டார்க் கன்வெர்ட்டர் விடுபடாமல் இன்ஜினை இழுத்து நிறுத்துவது என்று பட்டியல் இன்னும் நீளும். ஆனால் அந்தப் பக்கம் போவதற்கு முன் ஒரு சின்ன விஷயத்தையும் பார்த்துவிடலாம். புதிய கார் வாங்கிய சிலர், ‘சிக்னலில் நின்றாலே ஆஃப் ஆகிறது’ என்று சர்வீஸ் சென்டருக்கே வந்துவிடுகிறார்கள். அது கோளாறே இல்லை, பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் ஐடில் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி. கிளட்ச்சை மிதித்தாலோ, ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கை விட்டாலோ தானாக ஸ்டார்ட் ஆனால், மீட்டரில் வட்டத்துக்குள் ‘ஏ’ என்ற குறியும் எரிந்தால், கவலை வேண்டாம்.

பெட்ரோல் போட்டதும் நிற்கிறதா? பழி பங்க்குக்குப் போவதற்கு முன்...

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இது. ஃபுல் டேங்க் போடுகிறார்கள். பங்க்கை விட்டு வெளியே வருவதற்குள் இன்ஜின் தடுமாறி நிற்கிறது. ஸ்டார்ட் செய்ய ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. ‘பெட்ரோலில் கலப்படம்’ என்று யாருக்குமே தோன்றும்.

பெட்ரோல் டேங்கில் எழும் ஆவியை வெளியே விடாமல் ஒரு கரி டப்பா பிடித்துவைக்கும். அதற்குக் கேனிஸ்டர் என்று பெயர். கார் ஓடும்போது பர்ஜ் வால்வு என்ற சின்ன வால்வு திறந்து, அந்த ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக இன்ஜினுக்குள் அனுப்பும். ஐடிலிங்கில் அது மூடியோ, மிகக் குறைவாகத் திறந்தோ இருக்க வேண்டும். வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? பெட்ரோல் நிரப்பும்போது டேங்கிலுள்ள ஆவியெல்லாம் தள்ளப்பட்டு கேனிஸ்டர் நிறைந்திருக்கும். ஸ்டார்ட் செய்ததும் அது மொத்தமாக இன்ஜினுக்குள் பாயும். கலவை கெட்டு இன்ஜின் அடைத்து நிற்கும். பெட்ரோல் போட்ட அடுத்த சில நிமிடங்களுக்கு மட்டும் வரும் கோளாறு இது. அப்புறம் அடுத்த முறை பெட்ரோல் போடும்வரை பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

கலப்பட பெட்ரோல் இப்படி நடந்துகொள்ளாது. அது டேங்க்கில் உள்ளவரை தொல்லை கொடுக்கும். அது சிக்னல் வரும்வரை காத்திருக்காது. ஓடும்போதும் ஜெர்க் அடிக்கும், ஏற்றத்தில் இழுக்காது.

பர்ஜ் வால்வும் கேனிஸ்டரும் கெட்டுப்போவதில் நம் பங்க் பழக்கத்துக்கும் பங்கு உண்டு. நாசில் ‘டக்’ என்று தானாக நின்ற பிறகும், “அண்ணே, ரவுண்டா போட்டுருங்க” என்று இன்னும் இருபது முப்பது ரூபாய்க்கு அழுத்தி ஊற்றுகிறோம். அந்தக் கூடுதல் பெட்ரோல் ஆவிக்காக விட்டுவைத்த இடத்தை நிரப்பி, திரவமாகவே கேனிஸ்டருக்குள் போய்விடலாம். அங்கே போகக்கூடாதது அது. கார் மேனுவல்களில் முதல் ஆட்டோ கட்-ஆஃபோடு நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். மேனுவலை யார் படிக்கிறார்கள்?

கம்பெனியின் தவறாகவும் இருக்கலாம்

சென்சார், ஹோஸ் என்று உரிமையாளர் தன் பணத்தைச் செலவு செய்வதற்கு முன் பார்க்க வேண்டிய ஒன்று ரீகால் பட்டியல். இன்ஜின் நின்றுபோகும் கோளாறுக்காக இந்தியாவிலேயே லட்சக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டிருக்கின்றன. 2020 ஜூலையில் மாருதி சுஸுகி ஃப்யூவல் பம்ப் சந்தேகத்தில் 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களைத் திரும்ப அழைத்தது. 2021 ஏப்ரலில் ஹோண்டா 77,954 கார்களை அழைத்தது. பம்ப்புக்குள் சுழலும் இம்பெல்லர் பழுதாகி, நாளடைவில் இன்ஜின் நின்றுபோகலாம் அல்லது ஸ்டார்ட் ஆகாமல் போகலாம் என்பது காரணம். 2024 மார்ச்சில் மாருதி மீண்டும் சுமார் 16,000 பலேனோ, வேகன்ஆர் கார்களை, அதே ஆண்டு அக்டோபரில் ஹோண்டா 92,672 கார்களை ஃப்யூவல் பம்ப்புக்காகவே அழைத்தன.

பாகத்தை மாற்றித் தருவது இலவசம். ஆனால் செகண்ட் ஹேண்டில் கார் வாங்கியவருக்கு இந்தத் தகவல் போய்ச் சேருவதே இல்லை. கம்பெனியின் கடிதமும் மெசேஜும் முதல் ஓனரின் பழைய முகவரிக்கும் பழைய நம்பருக்கும் போயிருக்கும். ஆர்சி புத்தகத்தில் உள்ள சேசிஸ் நம்பரைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அங்கீகரிக்கப்பட்ட எந்த சர்வீஸ் சென்டரிலும் கேட்கலாம்.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, பழுதான வாகனங்களைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதற்கான வழிகளில் ஒன்று, உரிமையாளர்களின் புகார் பதிவாவது. ஒவ்வொருவரும் ‘இ20 பெட்ரோல்தான்’ என்று சொல்லிவிட்டு, தன் செலவில் பம்ப் மாற்றிக்கொண்டு போனால் எந்த மாடலில் எத்தனை வண்டி நிற்கிறது என்பது கணக்கிலேயே வராது. பெட்ரோல் மேல் எல்லாப் பழியும் போவதில் யாருக்கு வசதி என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஸ்கேனரில் எதைப் பார்க்கச் சொல்ல வேண்டும்?

2013-க்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி போர்ட் இருக்கும். அதில் ஸ்கேனர் மாட்டினால் கோளாறு கோடு வரும். சில நூறு ரூபாய்க்கே புளூடூத் ஓபிடி கருவிகள் கிடைக்கின்றன, மொபைலிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கோடு வந்ததும் அந்தப் பாகத்தை மாற்றிவிடுவது பெரிய தவறு. பி0171 என்று வந்தால், கலவையில் பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். ஆக்சிஜன் சென்சார் கெட்டுவிட்டது என்று அர்த்தம் அல்ல. அது தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் கோடே வந்திருக்கிறது!

அதைவிடப் பயனுள்ளவை இரண்டு. ஒன்று ஃப்ரீஸ் ஃப்ரேம்: கோடு பதிவான நொடியில் ஆர்பிஎம், வெப்பநிலை, வேகம் எவ்வளவு என்று இசியு எடுத்து வைத்திருக்கும் குறிப்பு. கோடுகளை அழித்தால் இதுவும் போய்விடும். அதனால் அழிப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று ஃப்யூவல் ட்ரிம். ஐடிலிங்கில் ஒரு முறை, 2,500 ஆர்பிஎம்மில் ஒரு முறை பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் பிளஸ் 15, பிளஸ் 20 என்று காட்டி, ரேஸ் கொடுத்ததும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கினால் எங்கோ ஏர் இழுக்கிறது. காற்றின் அளவை நேரடியாக அளக்கும் மாஃப் சென்சார் உள்ள கார்களில் இது தெளிவாகத் தெரியும். மேப் சென்சார் உள்ள சின்ன கார்களில் அவ்வளவு தெளிவாக வராது. அங்கே ஐடில் வழக்கத்தைவிட உயர்ந்தோ, ஏறி இறங்கியோ காட்டிக்கொடுக்கும். மாறாக, வேகம் கூடக் கூட ட்ரிம்மும் கூடினால் பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை, அதாவது பம்ப் அல்லது ஃபில்டர். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி லேசாக, பிளஸ் 4, 5 அளவில் நின்றால்? அது இ20-இன் கைவேலையாக இருக்கலாம். அந்த அளவுக்கு இன்ஜின் ஆஃப் ஆகாது.

நடுரோட்டில் நின்றுவிட்டால்

வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது இன்ஜின் நின்றால் ஸ்டீயரிங் கனமாகிவிடும், ஆனால் திருப்ப முடியும். பிரேக் பூஸ்டரில் ஒன்றிரண்டு மிதிக்கு வேக்யூம் மிச்சமிருக்கும். விட்டு விட்டு மிதித்து அதை வீணாக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்த வேண்டும். சாவியை வெளியே உருவிவிடக் கூடாது, ஸ்டீயரிங் லாக் ஆகிவிடும். ஹசார்ட் லைட்டைப் போட்டு ஓரம்கட்டுவதுதான் முதல் வேலை, ஸ்டார்ட் செய்து பார்ப்பது அப்புறம்.

நிஜமாகவே பெட்ரோலில் தண்ணீர் என்றால்?

அதுவும் நடக்கிறது. 2025 ஜூனில் மத்தியப் பிரதேச முதல்வர் மோகன் யாதவின் கான்வாய் கார்கள் ரத்லாமில் டீசல் போட்டுவிட்டுக் கிளம்பிய சிறிது தூரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மொத்தம் 19 வண்டிகள். டீசலில் தண்ணீர் கலந்திருந்தது தெரிந்ததும் அந்த பங்க் சீல் வைக்கப்பட்டது. முதல்வரின் கான்வாய் என்பதால் அன்றே பதில் கிடைத்தது. மற்றவர்கள் ஆதாரத்தோடு போக வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோலில் இது இன்னும் சிக்கல். எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கரைத்துக்கொள்ளும், அதுவரை பெரிய தொந்தரவு இல்லை. அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க்கின் அடிக்குப் போய்விடும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். மழைக்காலத்தில் பல வாரம் ஓட்டாமல் நிறுத்திவைத்த காரில் இந்தச் சந்தேகம் நியாயமானது.

பங்க்கில் ஃபில்டர் பேப்பர் சோதனை கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. நாசிலைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டுப் பெட்ரோலை அந்தத் தாளில் விட்டால், ஓரிரு நிமிடத்தில் ஆவியாகிவிட வேண்டும். கறை தங்கினால் கலப்படச் சந்தேகம் உண்டு. ஆனால் தண்ணீர் இருக்கிறதா, எத்தனால் எவ்வளவு என்பதையெல்லாம் இந்தச் சோதனை சொல்லாது. அதற்கு டேங்க்கிலிருந்து எடுத்த சாம்பிள் வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் டேங்க்கைக் காலி செய்யும்போது ஒரு லிட்டரைச் சுத்தமான கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஆடாமல் வைத்தால், பிரிந்த தண்ணீர் அடியில் தனி அடுக்காகக் கண்ணுக்கே தெரியும். அந்த போட்டோ, பெட்ரோல் போட்ட பில், மெக்கானிக்கின் ஜாப் கார்டு ஆகிய மூன்றும் கையில் இருந்தால் எண்ணெய் நிறுவனத்தின் புகார் எண்ணிலும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பேசலாம். பில் வாங்கும் பழக்கம் இல்லாதவர்கள் யுபிஐ பரிவர்த்தனையின் ஸ்கிரீன்ஷாட்டையாவது எடுத்துவைத்துக்கொள்ளலாம்; தேதியும் நேரமும் அதில் இருக்கும்.